வீடு மாறும் காலத்தில் ஐஸ் பெட்டி: காய வைப்பதும் ஏற்றுவதும் பத்திரப்படுத்துவதும்

தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்று, குடியிருந்த வீட்டை நிர்வாகத்திடம் ஒப்படைத்துவிட்ட குடும்பம், புது வீட்டின் சாவி கைக்கு வரும்வரை மகள் வீட்டில் தங்குகிறது. ஜொகூர் பாருவில் வாடகை வீட்டைக் காலி செய்த தம்பதியர் சிங்கப்பூரில் ஓர் அறை எடுத்துத் தங்கப் போகிறார்கள். வீட்டுச் சாமான்கள் கூலாயில் உள்ள பெற்றோர் வீட்டுக்குப் போகின்றன. பழைய வீட்டை இடித்துக் கட்டும் குடும்பம், ஆறு மாதத்துக்கு ஒரு சின்ன அடுக்குமாடி வீட்டில் ஒதுங்குகிறது. காரணம் எதுவானாலும், அடுப்படியில் நின்ற ஐஸ் பெட்டி மின்சாரம் இல்லாமல் யாருடைய வீட்டு முன்வாசலிலோ சாமான் அறையிலோ சில மாதம் நிற்க வேண்டியதாகிறது.

கட்டிலைக் கழற்றிச் சாய்த்து வைக்கலாம். மெத்தையைச் சுருட்டிக் கட்டலாம். ஐஸ் பெட்டி என்று வழக்கில் சொல்லப்படும் குளிர்சாதனப் பெட்டிக்கு அந்த வசதி இல்லை. அதனுள் எண்ணெய், வாயு, நீர் என மூன்றும் இருக்கின்றன. எண்ணெய் இடம் மாறினால் கம்ப்ரசர் கெடும். வாயு வெளியேறினால் பெட்டி குளிராது. நீர் உள்ளேயே தங்கினால் பூஞ்சை பிடிக்கும், கொசுவும் வளரும். வீடு மாறும்போது பலரும் லோரிப் பயணத்தைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். கயிறு கட்டுகிறார்கள், அட்டை வைக்கிறார்கள், கூடவே ஆள் உட்கார்ந்து பிடித்துக்கொண்டு வருகிறார். போய்ச் சேர்ந்ததும் கதவை இறுக மூடி, மேலே ஒரு துணியைப் போர்த்திவிட்டு மறந்துவிடுகிறார்கள். லோரியில் தப்பிய பெட்டி அந்த மூடிய மாதங்களில்தான் வீணாகிறது. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால், வீணாவது பெட்டி மட்டுமாக இருக்காது.

எப்போது நிறுத்த வேண்டும்

ஊருக்குப் போய் மூன்று நான்கு வாரத்தில் திரும்புகிறவர்கள் பெட்டியை நிறுத்தத் தேவையில்லை. கெட்டுப்போகும் பொருள்களை மட்டும் எடுத்துவிட்டு, ஓடவிட்டே போகலாம். அதற்கு மேல் ஆகும் என்றாலோ, பெட்டியை இடம் மாற்ற வேண்டும் என்றாலோ காலி செய்து நிறுத்துவதுதான் முறை.

காலி செய்யும் வேலை இரண்டு வாரத்துக்கு முன்பே தொடங்க வேண்டும். உறைபெட்டியின் அடியில் என்ன கிடக்கிறது என்று பார்த்தால், போன தீபாவளிக்கு வாங்கிய ஆட்டிறைச்சிகூடத் தென்படலாம். புதிதாக மீன், கோழி வாங்குவதை நிறுத்தி, இருப்பதைச் சமைத்துத் தீர்க்கலாம். மிஞ்சியதை அக்கம்பக்கத்தில் கொடுத்துவிடலாம். மாறும் நாளன்று பாலும் சமைத்த குழம்பும் வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தால் அவற்றை நம்பிச் சாப்பிடக் கூடாது. நம் ஊர் வெயிலில் அந்த நேரத்தையும் குறைத்துக் கணக்கிடுவதே நல்லது.

இதில் ஒரு பொருளுக்குத் தனிக் கவனம் வேண்டும். நம் வீடுகள் பலவற்றில் ஐஸ் பெட்டியின் கதவுத் தட்டில் இன்சுலின் இருக்கிறது. திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வரையிலான குளிரில் இருக்க வேண்டும். பயன்பாட்டில் உள்ளதை வெயில் படாத அறையில் ஏறக்குறைய நான்கு வாரம் வெளியே வைத்துக்கொள்ளலாம். இது வகைக்கு வகை மாறும் என்பதால் மருந்தகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். மாறும் நாளில் அதைக் குளிர்காப்புப் பையில் வைத்துக் கையோடு எடுத்துச் செல்லலாம். ஐஸ் கட்டியின்மேல் நேராக வைக்கக் கூடாது. இடையில் ஒரு துண்டு இருக்கட்டும். ஒருமுறை உறைந்துபோன இன்சுலின், பிறகு உருகித் தெளிவாகத் தெரிந்தாலும் பயன்படாது. வெயிலில் நிறுத்திய காரிலோ லோரியின் முன்பக்கத்திலோ அதை விட்டுவிட்டுப் போகவும் கூடாது. பெட்டி சேமிப்பில் இருக்கும் மாதங்களுக்கு இன்சுலினை யார் வீட்டுப் பெட்டியில் வைப்பது என்பதையும் முதலிலேயே பேசி வைத்துக்கொள்வது நல்லது. மாமியாரின் மருந்துக்காகப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்ட யாருக்கும் கூச்சம் வேண்டியதில்லை.

ஐஸ் உருகட்டும், கத்தி வேண்டாம்

லோரி வருவதற்கு முந்தின நாள் காலையில் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். உள்ளே உள்ள திருகை சுழியத்தில் வைத்தால் போதாது. சுவரிலிருந்தே துண்டிக்க வேண்டும். ஒற்றைக் கதவுப் பெட்டிகளில் ஐஸ் கெட்டியாகப் பாறைபோல் படிந்திருக்கும். அது தானாக உருக அரை நாள், சில சமயம் ஒரு முழு நாள்கூட ஆகும். அவசரப்பட்டுக் கத்தி, கரண்டிக் காம்பு, திருப்புளி என்று எதையாவது வைத்துக் குத்துகிறார்கள். அந்த ஐஸுக்குப் பின்னால் இருப்பது மெல்லிய அலுமினியத் தகடு. அதற்குள்தான் வாயு ஓடும் குழாய் இருக்கிறது. ஓர் ஊசித் துளை விழுந்தாலே வாயு முழுவதும் போய்விடும். அதை அடைத்து மறுபடி வாயு நிரப்ப ஆகும் செலவைக் கேட்ட பிறகு, பழைய பெட்டியைப் பழுது பார்க்கவே பலருக்கு மனம் வராது.

விரைவாக உருக வேண்டுமென்றால் கதவைத் திறந்து, எதிரே மேசை விசிறியை ஓடவிடலாம். ஒரு கிண்ணத்தில் சுடுநீர் வைத்து, ஆறியதும் மாற்றிக்கொண்டே இருக்கலாம். வழியும் நீருக்குக் கீழே பழைய துண்டுகள் போதும்.

ஐஸ் கட்டாத இரட்டைக் கதவுப் பெட்டி வைத்திருப்பவர்கள் நம் பெட்டியில் ஐஸே இல்லையே என்று நினைப்பதுண்டு. ஐஸ் இருக்கிறது, கண்ணில் படாமல் பின்பக்கப் பலகைக்கு உள்ளே இருக்கிறது. நிறுத்திய பிறகு அது பல மணி நேரம் உருகி, ஒரு சிறு குழாய் வழியே கீழே இறங்கி, பின்புறம் கம்ப்ரசருக்கு மேலோ அருகிலோ உள்ள தட்டில் சேரும். காலையில் பிளக்கைப் பிடுங்கி உடனே ஏற்றினால், லோரியில் அந்த நீர் கொட்டும். பெட்டி உடைந்துவிட்டது என்று பலர் பதறுவது இதைப் பார்த்துத்தான்.

அந்தத் தட்டை இங்கேயே பார்த்துவிடுவது நல்லது. பெட்டியைச் சற்று முன்னே இழுத்துப் பின்பக்கம் விளக்கடித்துப் பார்த்தால் தெரியும். சில பெட்டிகளில் உருவி எடுக்கலாம். சிலவற்றில் பொருத்தியே இருக்கும், துணியால் ஒற்றித்தான் எடுக்க வேண்டும். எத்தனையோ ஆண்டு உபயோகித்தும் இப்படி ஒரு தட்டு இருப்பதே தெரியாத வீடுகள் உண்டு. டிங்கிச் சோதனைக்கு வரும் சுகாதார அதிகாரிகளுக்கு அது நன்றாகவே தெரியும்.

நீர் கொடுக்கும் குழாய் பொருத்திய பெட்டி என்றால் அதன் தொட்டியையும் காலி செய்ய வேண்டும். பாக்கெட் ஐஸ்கிரீம் விற்பவர்கள் வைத்திருக்கும் படுக்கை வச உறைபெட்டிக்கும் இதே முறைதான். அதன் அடியில் ஒரு மூடி இருக்கும். திறந்தால் நீர் வடிந்துவிடும்.

துடைப்பது சுலபம், காய வைப்பதுதான் வேலை

தட்டுகளையும் காய்கறி இழுப்பறைகளையும் கழற்றித் தனியே கழுவலாம். கண்ணாடித் தட்டு குளிராக இருக்கும்போதே சுடுநீரை ஊற்றினால் விரிசல் விடும். சற்று நேரம் வெளியே வைத்துவிட்டுக் கழுவ வேண்டும். உட்புறத்துக்கு ஒரு லிட்டர் இளஞ்சூட்டு நீரில் இரண்டு மேசைக்கரண்டி சமையல் சோடா கலந்து துடைப்பது போதும். கருவாடு, பெலாச்சான், டுரியான் வாடைக்கும் இதுவே ஏற்றது. குளோரக்ஸ் போன்ற வெளுப்பு நீரைப் பயன்படுத்துகிறவர்கள் அதோடு வினிகரைக் கலந்துவிடக் கூடாது. நச்சு வாயு கிளம்பும்.

கதவோரத்து ரப்பர் மடிப்பைப் பலர் விட்டுவிடுகிறார்கள். கறுப்புப் புள்ளிகள் அங்கேதான் முதலில் தோன்றும். பழைய பல் துலக்கியால் மடிப்பைப் பிரித்துத் துடைத்து, காய்ந்த துணியால் ஒற்ற வேண்டும்.

பிறகு காய வைப்பது. மலேசியக் காற்றில் ஈரப்பதம் எப்போதும் 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது. துணியால் துடைத்ததும் காய்ந்துவிட்டதாகத் தோன்றும் பெட்டியில், வடிகுழாயிலும் பின்பலகைக்குள்ளும் ஈரம் ஒளிந்திருக்கும். கதவு திறந்தபடி ஓர் இரவாவது, முடிந்தால் ஒரு நாள் முழுவதும் விசிறிக் காற்றில் நிற்பது அவசியம். வீட்டைக் காலி செய்யும் கடைசி நாளில் இதற்கெல்லாம் நேரம் இருக்காது என்பது உண்மை. அதனால்தான் ஐஸ் பெட்டி வேலையை மற்ற சாமான்களைக் கட்டுவதற்கு முன்பே தொடங்கச் சொல்ல வேண்டியிருக்கிறது. அப்படியும் நேரம் கிடைக்காவிட்டால், போய்ச் சேர்ந்த இடத்தில் முதல் வேலையாகக் கதவைத் திறந்து காய வைத்துவிடலாம்.

ஏன் படுக்க வைக்கக் கூடாது

பெட்டியின் பின்புறம் அடியில் கறுப்பாக உருண்டு இருப்பதுதான் கம்ப்ரசர். மூடிய அந்த இரும்புக் கூட்டுக்குள் ஒரு மோட்டார், சுருள்விற்களின்மேல் அமர்ந்தபடி ஓடுகிறது. அடியில் ஒரு குவளை அளவு எண்ணெய் நிற்கிறது. பெட்டி நிமிர்ந்து நிற்கும்வரை எண்ணெய் அடியிலேயே இருந்து மோட்டாருக்கு மசகு தரும். படுக்க வைத்தால் எண்ணெய் குழாய்களுக்குள் ஓடிவிடும். அந்த நிலையில் பிளக்கைப் போட்டால் மோட்டார் மசகின்றி உராயும். குளிர்க் குழாய்களில் எண்ணெய் அடைத்துக்கொள்ளவும் கூடும். படுத்த நிலையில் குண்டும் குழியுமான சாலையில் போனால் சுருள்வில் தன் இடத்தைவிட்டு நழுவலாம். பிறகு பெட்டி ஓடும்போதெல்லாம் தகரத்தைத் தட்டுவது போல ஓசை வரும்.

எனவே நிமிர்த்தியே ஏற்ற வேண்டும். படி இறங்கும்போதும் லோரியில் ஏற்றும்போதும் சற்று நேரம் சாய்ப்பதைத் தவிர்க்க முடியாது. அதில் பாதகமில்லை, பாதிச் சாய்வுக்கு, அதாவது 45 டிகிரிக்கு மேல் போகாமல் பார்த்துக்கொண்டால் சரி. பின்புறமாகப் படுக்க வைப்பது எந்த நிலையிலும் கூடாது. பழைய பெட்டிகளில் வெப்பம் வெளியேற்றும் கம்பிக் கூண்டு முதுகில் இருக்கும். எடை முழுவதும் அதன்மேல் இறங்கினால் குழாய் நசுங்கும். புதிய பெட்டிகள் பலவற்றில் அந்தக் குழாய்கள் பக்கச் சுவருக்குள் மறைந்திருக்கின்றன. ஓடும்போது பக்கவாட்டில் கை வைத்தால் சூடு தெரிவது அதனால்தான். ஆகவே பக்கச் சுவரில் கொக்கி மாட்டத் துளை போடுவதும் ஆபத்து.

கூண்டு லோரியின் உயரம் போதாமல் படுக்க வைத்தே ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், ஒரு பக்கமாக மட்டும் படுக்க வைக்கலாம். கதவின் கீல் மேலே இருக்கும்படி வைத்தால் கதவு தானாகத் திறந்து விழாது. அடியில் மெத்தையோ தடித்த அட்டையோ வேண்டும். இறக்கியதும் நிமிர்த்தி நிறுத்தி 24 மணி நேரம் விட வேண்டும். நிமிர்ந்தே வந்த பெட்டிக்கு இரண்டு மூன்று மணி நேரம் போதும். பெட்டியோடு வந்த கையேடு வேறு நேரம் சொன்னால் அதையே பின்பற்ற வேண்டும். சேமித்து வைக்கப் போகிற பெட்டிக்கு இந்தக் காத்திருப்பு தானாகவே நடந்துவிடும், ஆனால் மறுபடி எடுத்துவரும் நாளில் பலருக்கு இது மறந்துபோகிறது.

பின்புறமோ உட்புறமோ ஒட்டியிருக்கும் தகட்டுச் சீட்டில் வாயுவின் பெயர் இருக்கும். ஆர்-134ஏ என்றால் தீப்பிடிக்காதது. ஆர்-600ஏ என்றால் ஐசோபியூட்டேன். சமையல் வாயுவின் இனத்தைச் சேர்ந்தது. இன்று கடைகளில் விற்கும் வீட்டுப் பெட்டிகள் பெரும்பாலும் இந்த வகைதான். அளவு பெரும்பாலும் 100 கிராமுக்கும் குறைவு என்பதால் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் குழாய் அடிபட்டுச் சீறும் ஓசை கேட்டால் சன்னல்களைத் திறந்துவிட்டு, அருகில் சிகரெட்டோ சாம்பிராணியோ இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சமையல் வாயுவுக்கு வாடை சேர்க்கிறார்கள். இதற்கு அப்படிச் சேர்ப்பதில்லை. வாடை வரவில்லையே என்று இருந்துவிடக் கூடாது.

படியும் லோரியும்

ஒற்றைக் கதவுப் பெட்டி சுமார் 30 முதல் 40 கிலோ இருக்கும். இரட்டைக் கதவு 50 முதல் 70 கிலோ. பக்கவாட்டில் திறக்கும் பெரிய பெட்டி 100 கிலோவைத் தாண்டும். லிஃப்ட் இல்லாத பழைய மலிவு விலை அடுக்குமாடிகளில் நான்காவது மாடியிலிருந்து இதை இறக்குவது இரண்டு பேர் வேலை, அதுவும் நன்கு தூக்கிப் பழகிய இரண்டு பேர். படியில் எடை முழுவதும் கீழே நிற்பவர்மேல்தான் இறங்கும். பலசாலி அங்கே இருக்க வேண்டும். கீழே நிற்பவர் பின்னோக்கி இறங்குவதால் மூன்றாவது ஆள் ஒருவர் படியைச் சொல்லிக்கொண்டே வருவது நல்லது. சப்பாத்து அணிந்திருக்க வேண்டும், சிலிப்பர் உதவாது. பெட்டியைக் கதவுக் கைப்பிடியில் பிடித்துத் தூக்குவதும் கூடாது. அந்தக் கைப்பிடி கதவின் எடைக்கு மட்டுமே செய்யப்பட்டது.

தூக்குவதற்கு முன் இரண்டு கதவையும் கட்ட வேண்டும். பலர் பழுப்பு நிற ஒட்டுநாடாவைச் சுற்றுகிறார்கள். இரண்டு நாள் வெயில் பட்டால் அந்தப் பசை பூச்சோடு ஒட்டிக்கொண்டு வர மறுக்கும். ராஃபியா கயிறோ, சுற்றிக் கட்டும் பிளாஸ்டிக் உறையோ மேல். மின்கம்பியைச் சுருட்டிப் பின்புறம் கட்டிவிடலாம். தொங்கினால் யாராவது மிதிப்பார்கள். பெட்டியின் தலையில் இருக்கும் சாமான்களை எடுப்பதையும் நினைவூட்ட வேண்டியிருக்கிறது. வீட்டின் பாதிப் பத்திரங்களும் வரி ரசீதுகளும் அங்கேதான் இருக்கும்.

லோரியில் முன்பக்கத் தடுப்பை ஒட்டி, முதுகை அதன்மேல் சாய்த்து, நடுவிலும் மேற்பகுதியிலும் பட்டை போட்டு இறுக்க வேண்டும். கயிறு படும் மூலைகளில் அட்டை வைத்தால் தகடு அமுங்காது. திறந்த லோரி என்றால் தார்ப்பாய் வேண்டும். பிற்பகல் மழை நமக்குச் சொல்லிவிட்டு வருவதில்லை, அதனால் காலையில் கிளம்புவதே சரி. செம்பனைத் தோட்டத்து மண்சாலையில் வண்டி மெதுவாகப் போக வேண்டும் என்று ஓட்டுநரிடம் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஒரு நாளில் மூன்று வாடகை பார்க்க நினைப்பவர் விரைந்து ஓட்டத்தான் பார்ப்பார்.

நிற்கும் மாதங்கள்

பெட்டி நிற்கும் இடம் கூரைக்குக் கீழே, சமதரையில், காற்றோட்டத்தோடு இருக்க வேண்டும். வீட்டு முன்வாசல் நல்ல இடமன்று. சாரல் அடித்தால் கீல்களும் அடித்தகடும் துருப்பிடிக்கும். வேறு வழியில்லை என்றால் இரண்டு மரச்சட்டங்களின்மேல் ஏற்றி, தரையீரம் படாமல் வைக்கலாம். வெள்ளம் வரும் பகுதியாக இருந்தால் சட்டம் போதாது. காற்று அடைந்த பெட்டி என்பதால் ஐஸ் பெட்டி நீரில் மிதக்கும், மிதந்து கவிழும். 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் வெள்ளம் புகுந்த வீடுகளைச் சுத்தம் செய்தவர்களுக்கு அந்தக் காட்சி மறந்திருக்காது. மேல்மாடியில் இடம் இருக்கும் உறவினரைத் தேடுவது நல்லது. வெள்ளநீர் ஏறிய பெட்டியை, காய்ந்துவிட்டது என்று எண்ணி நேரே பிளக்கில் செருகக் கூடாது. தெரிந்தவர் சோதித்த பிறகே மின்சாரம் கொடுக்க வேண்டும்.

சிங்கப்பூரில் வீவக வீட்டின் பொது நடைபாதையில் ஐஸ் பெட்டியை வைப்பது தீப்பாதுகாப்பு விதிக்கு முரணாகலாம். தீ நேர்ந்தால் மக்கள் தப்பிச் செல்ல 1.2 மீட்டர் வழி அங்கே எப்போதும் இருக்க வேண்டும்.

பெட்டியைச் சுற்றிப் பிளாஸ்டிக் தாளால் இறுகக் கட்டுவதும் தவறு. உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற முடியாமல் வியர்த்துத் துருவாகும். பழைய படுக்கை விரிப்பு போதும். காற்று புகும், தூசு படியாது. பின்புறக் கம்ப்ரசர் பகுதியில் எலியும் பல்லியும் குடியேறாமல் மாதம் ஒருமுறை பார்க்க வேண்டும். எலி கம்பியைக் கடிக்கும். புதிய இன்வெர்ட்டர் பெட்டிகளின் மின்பலகையில் பல்லி மாட்டிக்கொண்டால், மின்சாரம் கொடுத்த அன்றே பலகை கருகலாம். உட்புறத்தில் கசக்கிய நாளிதழ்த் தாள் சிலவும், ஒரு கிண்ணம் அடுப்புக்கரியும் வைத்தால் வாடை இழுக்கும். பாண்டான் இலை போடுவோரும் உண்டு. வாசனைக்குச் சரி, ஆனால் அதுவே வாடி ஈரமாகிவிட்டால் பூஞ்சைக்கு இடமாகும்.

இனிக் கதவு. பூஞ்சை பிடிக்காமல் இருக்கக் கதவு திறந்திருக்க வேண்டும். திறந்திருக்கும் பெட்டி சின்னப் பிள்ளைகளுக்கு ஒளிந்து விளையாடும் இடமாகிவிடும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் பெற்றோர் கவனமாக இருக்க வேண்டும். ஐஸ் பெட்டி காற்றுப் புகாமல் மூடும்படி செய்யப்பட்டது. உள்ளே மாட்டிக்கொண்ட பிள்ளையின் குரலும் வெளியே வராது. அக்காலத்துப் பெட்டிகளில் வெளியிலிருந்து மட்டுமே திறக்கும் தாழ்ப்பாள் இருந்தது. அவற்றுக்குள் பிள்ளைகள் மூச்சுமுட்டி இறந்த பிறகுதான் அமெரிக்காவில் 1956-இல், உள்ளிருந்தும் கதவு திறக்கும்படி செய்ய வேண்டும் என்று சட்டம் வந்தது. இன்று எல்லாம் காந்த ரப்பர் கதவுகள். உள்ளிருந்து தள்ளினால் திறக்கும் என்பது உண்மைதான், ஆனால் மூன்று வயதுப் பிள்ளை இருட்டில், பயத்தில், சரியான பக்கத்தைத் தள்ளும் என்று நம்பிவிட முடியாது. முன்பக்கம் சுவரை நோக்கியிருந்தாலோ, எதிரே வேறு சாமான் நின்றாலோ, கயிறு சுற்றியிருந்தாலோ பெரியவர்களாலும் திறக்க இயலாது.

செய்ய வேண்டியது இதுதான். லோரியிலிருந்து இறக்கியதும், தனியே கட்டி வந்த தட்டுகளையும் இழுப்பறைகளையும் மறுபடி உள்ளே பொருத்திவிட வேண்டும். தட்டுகள் இருந்தால் பிள்ளையால் உள்ளே நுழைந்து உட்கார முடியாது. பிறகு கதவுக்கும் சட்டத்துக்கும் இடையே மரத்துண்டோ மடித்த துண்டோ வைத்து, இரண்டு விரல் அளவு இடைவெளி விட்டு, அதற்கு மேல் திறக்கவோ அதற்குள் மூடவோ முடியாதபடி கயிற்றால் கட்ட வேண்டும். பல மாதம் நிற்கப் போகிறது, வீட்டில் பேரப் பிள்ளைகள் வந்துபோவார்கள் என்றால் கதவையே கழற்றிவிடுவது இன்னும் நல்லது. மேல் கீலின் திருகுகளை எடுத்தால் கதவு கழன்று வரும். கதவில் திரையோ பொத்தானோ உள்ள பெட்டிகளில் உள்ளே கம்பி ஓடுவதால் பழுதுபார்ப்பவரை அழைப்பது உத்தமம். படுக்கை வச உறைபெட்டியின் மூடி மேலே இருப்பதால் இன்னும் ஆபத்தானது. அதைத் திறக்க முடியாதபடி பூட்டியே வைக்க வேண்டும், சாவி பிள்ளைகள் கைக்கு எட்டக் கூடாது.

கொசு விஷயத்துக்கு வரலாம். பின்புறத் தட்டில் அரை அங்குல நீர் தங்கினாலே ஏடிஸ் கொசுவுக்குப் போதும். முட்டை கொசுவாக ஒரு வாரத்துக்குச் சற்றுக் கூடுதல் ஆகும், அவ்வளவே. நீர் வற்றினாலும் முட்டை மாதக்கணக்கில் உலர்ந்து காத்திருந்து, மறுபடி நீர் பட்டதும் பொரிக்கும். ஆகவே நீரைக் கொட்டினால் மட்டும் போதாது; தட்டைத் தேய்த்துக் கழுவிக் காய வைக்க வேண்டும். கழற்றிய இழுப்பறைகளைக் காயட்டும் என்று கொல்லையில் கவிழ்க்காமல் வைப்பதும் மழைநீரை வரவேற்பதுதான். மலேசியாவில் 1975-ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகளை அழிக்கும் சட்டத்தின்படி, வீட்டு வளாகத்தில் கொசுப் புழு காணப்பட்டால் அந்த வீட்டில் இருப்பவருக்குத்தான் அபராதம். பெட்டி தம்பியுடையது என்று சொல்லி அண்ணன் தப்ப முடியாது. சாமானை ஒப்படைக்கிறவர்கள் இதையும் சொல்லிவிட்டுப் போவது மரியாதை.

வைத்திருப்பதா, கொடுத்துவிடுவதா

பதினைந்து ஆண்டு ஓடிய பெட்டியை லோரி வாடகை கொடுத்து இரண்டு முறை தூக்கிப் போவது பல சமயம் வீண். ரப்பர் தளர்ந்து, கம்ப்ரசர் இடைவிடாமல் ஓடும் பெட்டி மின்கட்டணத்திலும் தின்னும். ஆனால் பழைய இரும்பு வாங்குபவரிடம் கொடுத்தால், அவர் செம்புக் குழாயை வெட்டும்போது வாயு அப்படியே காற்றில் கலக்கும். ஆர்-134ஏ, கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் வெப்பத்தைப் பிடிக்கக்கூடியது. மிகப் பழைய பெட்டிகளில் உள்ள ஆர்-12 ஓசோன் படலத்தைக் கெடுப்பது. 1987-இன் மொன்ட்ரியல் உடன்படிக்கையின்கீழ் விலக்கப்பட்டது. மலேசியாவில் சுற்றுச்சூழல் துறை, வீட்டு மின்கழிவைச் சேகரிக்கும் இடங்களைப் பற்றித் தகவல் தருகிறது. சிங்கப்பூரில் 2021 ஜூலை முதல், புதுப் பெட்டியைக் கொண்டுவந்து இறக்கும் கடைக்காரர் பழையதைக் கட்டணமின்றி எடுத்துச் செல்ல வேண்டும். எந்த வழியில் கொடுத்தாலும், வெளியே வைக்கும் முன் கதவைக் கழற்றிவிட வேண்டும். குப்பைத் தொட்டியருகே நிற்கும் பெட்டியும் பிள்ளைகள் கண்ணில் படும்.

மறுபடி ஓடவிடும்போது

புது வீட்டில் இறக்கியதும் அடியில் உள்ள திருகுக் கால்களால் மட்டம் பார்க்கலாம். முன்பக்கம் மிகச் சிறிதே உயர்ந்திருந்தால் கதவு தானாகச் சாத்திக்கொள்ளும். சுவரிலிருந்து சுற்றிலும் சில அங்குல இடைவெளி வேண்டும். பிளக்கும் கம்பியும் எலி கடிக்காமல் இருக்கின்றனவா என்று பார்த்து, நேரே சுவர்ப் பிளக்கில் செருக வேண்டும். பல பிளக் போடும் நீட்டுக் கம்பியில் வேண்டாம்.

பல மாதம் ஒரே மடிப்பில் இருந்த ரப்பர் சப்பையாகியிருக்கும். கதவிடையே ஒரு ரிங்கிட் நோட்டை வைத்து இழுத்துப் பார்ப்பது பழைய சோதனை. இப்போதைய 1 ரிங்கிட், 5 ரிங்கிட் நோட்டுகள் பிளாஸ்டிக் என்பதால் வழுக்கிக்கொண்டு வரும். 10 ரிங்கிட் காகித நோட்டைத்தான் வைத்துப் பார்க்க வேண்டும். தடையின்றி உருவிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் குளிர் கசியும். சுடுநீரில் நனைத்த துணியால் ரப்பரை ஒற்றி, விரலால் இழுத்துவிட்டால் பெரும்பாலும் பழைய வடிவத்துக்குத் திரும்பும்.

மின்சாரம் கொடுத்ததும் ஓடாவிட்டால் போட்டும் எடுத்தும் பார்க்கக் கூடாது. ஒவ்வொரு முறைக்கும் இடையே ஐந்து நிமிடமாவது விட வேண்டும். குழாய்களுக்குள் அழுத்தம் சமமாகாமல் கம்ப்ரசரால் கிளம்ப முடியாது. முதல் சில மணி நேரம் சற்றுக் கூடுதல் ஓசை கேட்பது இயல்பு. தட்டும் ஓசை நிற்காமல் வந்தால் அணைத்துவிட்டுப் பழுதுபார்ப்பவரை அழைக்க வேண்டும்.

அன்று மாலையே சந்தைக்குப் போய் மீனும் கோழியும் வாங்கி நிரப்பக் கூடாது. காலிப் பெட்டி முழுக் குளிருக்கு வர ஒரு நாள் ஆகலாம். மருந்தகத்திலோ கடையிலோ கிடைக்கும் சின்ன வெப்பமானி ஒன்றை ஒரு குவளை நீரில் இட்டு நடுத்தட்டில் வைத்து, மறுநாள் காலையில் பார்க்கலாம். 4 டிகிரியை ஒட்டிக் காட்டினால் பால், காய்கறி, இறைச்சி எல்லாம் வைக்கலாம். உறைபெட்டியில் 18 டிகிரி உறைகுளிர் இருக்க வேண்டும். இன்னொரு நாள் அதே அளவில் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு, பக்கத்து வீட்டில் கொடுத்துவைத்த இன்சுலினைக் கடைசியாக வாங்கி வந்து நடுத்தட்டிலேயே வைக்கலாம், கதவுத் தட்டில் வேண்டாம்.